சொந்தச் செலவில் புத்தகம்: கொழும்பில் எழுதுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

என் முதல் சிறுகதைத் தொகுதியை 500 பிரதி அச்சிட்டேன். ஒன்பது வருடம் போய்விட்டது. வெள்ளவத்தை வீட்டில் என் கட்டிலுக்கடியில் இன்னும் 140 பிரதிகள் கிடக்கின்றன. கடற்காற்றில் அட்டைகள் வளைந்துவிட்டன. இரண்டு கட்டுகளை இராமபாணப் பூச்சி தன் பங்குக்கு வாசித்து முடித்திருக்கிறது. இரண்டாவது புத்தகத்தை 100 பிரதி மட்டும் போட்டேன். எனக்கென்று வைத்திருந்த பிரதியையும் யாரோ இரவல் வாங்கிப் போய்விட்டார்கள். புதிதாகப் புத்தகம் போடுகிறவர்கள் என்னிடம் வந்து கேட்பதற்கு எனக்குள்ள தகுதி இவ்வளவுதான். அவர்கள் கேட்டவற்றையும் நான் சொன்னவற்றையும் கீழே எழுதியிருக்கிறேன்.

என் கதைகளுக்குப் பதிப்புரிமை எடுக்க வேண்டும். எங்கே பதிவது? எவ்வளவு செலவாகும்?

எங்கும் பதிய வேண்டாம். ஒரு சதமும் செலவில்லை.

இலங்கையில் இதை ஆள்வது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். அதன்படி, சொந்தமாக ஒன்றை எழுதிய கணத்திலேயே அதன் உரிமை எழுதியவரிடம் வந்துவிடுகிறது. அச்சேற வேண்டும் என்பதுகூட இல்லை. கொப்பியில் கிடக்கும் கவிதைக்கும் அதே பாதுகாப்புத்தான். உங்கள் ஆயுட்காலம் முழுவதும், அதன்பின் இன்னும் 70 வருடங்களுக்கும் அது நீடிக்கும்.

கொழும்பு 10, டி.ஆர்.விஜேவர்தன மாவத்தையில் தேசிய புலமைச் சொத்து அலுவலகம் இருக்கிறது. அங்கே வியாபாரக் குறியைப் பதியலாம். புதிய கண்டுபிடிப்புக்கு ஆக்கவுரிமை கேட்கலாம். கதை, கவிதையின் பதிப்புரிமைக்கு அங்கே பதிவேடு கிடையாது. கையெழுத்துப் பிரதியோடு படியேறி, வெறுங்கையோடு இறங்கி வந்த இருவரை எனக்குத் தெரியும். அவர்களுக்குப் போனது பஸ் காசு மட்டும். "பதிப்புரிமை பதிந்து தருகிறேன், இவ்வளவு தாருங்கள்" என்று யாராவது கேட்டால் பணப்பையை மூடிக்கொள்ளுங்கள்.

பதிவு இல்லையென்றால், நான்தான் எழுதினேன் என்று நாளைக்கு எப்படி நிரூபிப்பேன்?

நூலில் ஆசிரியர் என்று யாருடைய பெயர் வழமையான இடத்தில் இருக்கிறதோ, மாறாக நிரூபிக்கப்படும்வரை அவரையே ஆசிரியராகச் சட்டம் கொள்கிறது. ஆகவே முதல் சாட்சி உங்கள் பெயர்தான். அச்சேறாததற்கு உங்கள் பழைய தாள்களே சாட்சி. வெட்டியும் திருத்தியும் ஓரத்தில் கிறுக்கியும் வைத்த வரைவுகளைக் கிழித்தெறிய வேண்டாம். திருடியவனிடம் சுத்தமான பிரதி இருக்கும், வெட்டுத் திருத்தம் இருக்காது.

கையெழுத்துப் பிரதியைத் தனக்குத் தானே பதிவுத் தபாலில் அனுப்பி, உறையைப் பிரிக்காமல் வைத்திருக்கும் பழக்கம் நம்மவரிடம் உண்டு. அது புதிதாக எந்த உரிமையையும் தந்துவிடாது. இன்ன திகதியில் இது இருந்தது என்பதற்கு ஓர் அடையாளம், அவ்வளவுதான். சமாதான நீதவான் முன்னால் முடித்த சத்தியக் கடதாசியும் அப்படியே. நான் வரைவு முடிந்த அன்றே நண்பர்கள் இருவருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுகிறேன். திகதியும் விழுகிறது, வாசிக்க இரண்டு பேரும் கிடைக்கிறார்கள்.

புத்தகத்தின் உள்ளே உரிமை பற்றி என்ன போட வேண்டும்?

வட்டத்துக்குள் 'சி' போட்ட குறி, வருடம், உங்கள் பெயர். அந்தக் குறி இல்லாவிட்டாலும் உரிமை போய்விடாது. ஆனாலும் போடுங்கள், பத்து வருடம் கழித்து உங்கள் கதையைத் தொகுப்பில் சேர்க்க விரும்புகிறவருக்கு யாரிடம் கேட்பது என்று தெரிய வேண்டுமல்லவா? அதே பக்கத்தில் முதற்பதிப்பு மாதமும் வருடமும், ஐ.எஸ்.பி.என் என்ற நூல் அடையாள எண், பக்கங்களின் தொகை, விலை, தொடர்பு முகவரி, அச்சகத்தின் பெயரும் முகவரியும் இருக்கட்டும்.

இந்தப் பக்கத்தை அச்சகத்துப் பொறுப்பில் விடாதீர்கள். முன்னைய வேலையிலிருந்து வெட்டி ஒட்டுவார்கள். நான் எழுதிய ஒரு தொகுப்பில் "பதிப்புரிமை: பதிப்பகத்தாருக்கே" என்று வந்திருந்தது. நான் எதிலும் ஒப்பமிடவில்லை. கேட்டபோது "எல்லாப் புத்தகத்திலும் அப்படித்தான் போடுகிறோம்" என்றார்கள். உரிமையைக் கைமாற்றுவதென்றால் எழுத்தில், ஒப்பத்தோடு நடக்க வேண்டும் என்பது சட்டம். அச்சிட்ட ஒரு வரி அதைச் செய்துவிடாது. ஆனால் அந்த வரியை வாசித்த எல்லாரும் அதை நம்பினார்கள், அதுதான் தொல்லை.

ஞாயிறு பத்திரிகையில் வந்த கதைகளைத் தொகுதியில் சேர்க்கலாமா? உரிமை பத்திரிகைக்கா, எனக்கா?

வெளியிலிருந்து எழுதி அனுப்பியவர் நீங்களென்றால், எழுத்தில் ஒப்பமிட்டுக் கொடுக்காதவரை உரிமை உங்களுடையது. அந்தப் பத்திரிகையில் சம்பளத்துக்கு வேலை செய்தபோது, அந்த வேலையின் பகுதியாக எழுதியதென்றால் கதை வேறு: வேறுவிதமாக உடன்படாவிட்டால் பொருளாதார உரிமை, அதாவது அச்சிட்டு விற்றுக் காசாக்கும் உரிமை, வேலை கொடுத்தவருக்குப் போகும். எந்த இதழில், எந்தத் திகதியில் வந்தது என்று கதையின் கீழே குறித்து, முன்னுரையில் பத்திரிகை ஆசிரியருக்கு ஒரு நன்றியும் எழுதிவிடுங்கள். பத்திரிகைக்காக வரைந்த ஓவியத்தை மட்டும் கேட்காமல் எடுக்க வேண்டாம். அது ஓவியருடையது, அல்லது பத்திரிகையுடையது.

ஐ.எஸ்.பி.என் எடுத்தால் உரிமை உறுதியாகிவிடுமா?

ஆகாது. அது உரிமைப் பத்திரம் அல்ல, புத்தகத்தின் அடையாள எண். கடைக்காரரும் நூலகரும் அந்தப் புத்தகத்தைப் பிசகாமல் கண்டுகொள்வதற்கானது. இலங்கையில் அதை வழங்குவது தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை. கொழும்பு 7, சுதந்திர மாவத்தையில் இருக்கிறது. பதிப்பகம் வைத்திருக்க வேண்டியதில்லை, தனியாளாகவும் விண்ணப்பிக்கலாம். 13 இலக்கங்கள்: 978இல் தொடங்கும், அடுத்து இலங்கைக்குரிய 955 அல்லது 624 வரும். நூலகப் பட்டியலுக்குரிய விவரங்களையும் அங்கேயே முன்கூட்டிப் பெற்று உட்பக்கத்தில் அச்சிடலாம். அச்சுப் புத்தகத்துக்கு ஓர் எண், மின்னூலுக்கு வேறு எண், திருத்திய இரண்டாம் பதிப்புக்கு இன்னொன்று. மாற்றமின்றி மறுபடி அச்சிட்டால் பழைய எண்ணே போதும்.

எண் கிடைத்தபின் அதைக் கையால் தட்டச்சுச் செய்யாதீர்கள், வந்த கடிதத்திலிருந்து நேரே பிரதி எடுங்கள். என் முதல் புத்தகத்தின் பின்னட்டையில் ஓர் இலக்கம் இடம்மாறிவிட்டது. கடைசி இலக்கம் முன்னுள்ள பன்னிரண்டையும் சரிபார்க்க வைத்த இலக்கம். ஒன்று பிசகினாலும் கணக்கு ஒத்துவராது. 500 அட்டைகளிலும் சின்னச் சின்ன ஸ்டிக்கர் ஒட்டினோம். அம்மா, நான், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருவர், இரண்டு இரவுகள்.

குறைந்த செலவில் அச்சிட எத்தனை பிரதி போடுவது?

எல்லாரும் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். "500 போட்டால் ஒன்றின் விலை குறையும்" என்று அச்சகத்தார் சொல்வது பொய்யல்ல. ஓப்செட் அச்சில் பெரிய செலவு முதல் தாள் விழுமுன்பே முடிந்துவிடுகிறது. பக்கங்களைப் பதினாறு பதினாறாக, 'பாரம்' என்ற ஒரு தொகுதியாக அடுக்கி, அதற்குத் தகடு செய்து, இயந்திரத்தில் பூட்டி, மையைச் சரிக்கட்டவேண்டும். 100 பிரதிக்கும் அதே தகடு, 1000 பிரதிக்கும் அதே தகடு. அதனால் எண்ணிக்கை கூடக்கூட ஒரு பிரதியின் விலை இறங்கும். டிஜிட்டல் அச்சில் தகடு கிடையாது. ஒரு பிரதிக்குக் கூடுதலாகக் கேட்பார்கள், ஆனால் 50 பிரதியும் போடலாம்.

நீங்கள் பார்க்க வேண்டியது ஒரு பிரதியின் விலையை அல்ல, விற்காத பிரதியின் விலையை. ஒரு கணக்குப் போடுவோம். ஓப்செட்டில் 500 பிரதி, ஒன்று 400 ரூபாய்: கையிலிருந்து இரண்டு இலட்சம் போகிறது. டிஜிட்டலில் 100 பிரதி, ஒன்று 700 ரூபாய்: எழுபதாயிரம். முதலாவதில் 120 விற்றால் விற்ற ஒவ்வொரு பிரதியும் உங்களுக்கு 1,600 ரூபாய்க்கு மேல் பிடித்திருக்கிறது. இலக்கங்கள் கற்பனை, இன்றைய தாள் விலைக்கு நீங்கள் மூன்று அச்சகங்களில் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். 2022 மார்ச்சில் தாள் தட்டுப்பாட்டால் மேல் மாகாணப் பாடசாலைகள் தவணைப் பரீட்சையையே தள்ளிவைத்த நாடு இது. போன வருட விலைப்பட்டியலை நம்பிக் கணக்குப் போட முடியாது.

எத்தனை பேர் வாங்குவார்கள் என்று அறிய ஒரு வழி உண்டு. கொப்பியில் பெயர்களை எழுதுங்கள். "வாசகர்கள்", "தமிழ் மக்கள்" என்று எழுதக்கூடாது. ஆளின் பெயர் வேண்டும். எனக்கு 83 பெயர் வந்தது. அதில் இனாமாக எதிர்பார்ப்பவர்கள் 30 பேர். 100 பிரதி எனக்கு அளவாக இருந்ததன் காரணம் அதுதான்.

தரம் கெடாமல் வேறு எங்கே செலவைக் குறைக்கலாம்?

பக்கத்தில். ஓப்செட்டில் போடுவதென்றால் பதினாறின் மடங்கில் நிறுத்துங்கள். 128 பக்கம் எட்டுப் பாரம். 132 பக்கமானால் ஒன்பதாவது பாரத்தைத் தொட்டுவிடுவீர்கள். நான்கு பக்கத்துக்காக முழுப் பாரத்தின் கூலி. இரண்டு வாழ்த்துச் செய்தியை நீக்கினால் அந்த நான்கு பக்கம் போய்விடும். நம்முடைய நூல்களில் அணிந்துரை, வாழ்த்துரை, ஆசியுரை, என்னுரை என்று கதை தொடங்குமுன் இருபது பக்கம் கழிகிறது. அவ்வளவு பேரிடம் கேட்டு வாங்கிய பிறகு ஒருவருடையதை விடவும் முடியாது. ஆகவே ஒருவரிடம் மட்டும் கேளுங்கள்.

உள்ளே வர்ணப் படம் வேண்டாம். அளவு ஏ5 ஆக இருந்தால் தாள் வீணாவது குறைவு. எழுத்தைச் சிறிதாக்கிப் பக்கம் குறைப்பதை மட்டும் செய்யாதீர்கள். உங்கள் புத்தகத்தை வாங்குகிறவர்களில் பாதிப்பேர் மூக்குக்கண்ணாடிக்காரர்.

செலவைக் குறைக்கக் கூடாத இடம் ஒன்று உண்டு: ஒப்புநோக்குதல். எழுதியவரின் கண்ணுக்குப் பிழை தெரியாது. ஒற்றுப் பிழை தெரிந்த ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியர் ஒருவர் எந்த ஒழுங்கையிலும் இருப்பார். அவருக்குக் காசு கொடுங்கள், "இது உதவி" என்று அவர் மறுத்தாலும் கொடுங்கள். காசு வாங்கியவர் மூன்றாம் முறையும் வாசிப்பார்.

நான் பாமினியில் தட்டச்சுச் செய்துவிட்டேன். யூனிகோட்டுக்கு மாற்ற வேண்டுமா?

மாற்றிவிடுங்கள். யூனிகோட் என்பது எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறை. பாமினி எழுத்துருவில் நீங்கள் "அம்மா" என்று பார்ப்பது கணினிக்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். எழுத்துரு இல்லாத இன்னொரு கணினியில் திறந்தால் அந்தக் குப்பை வெளியே வரும். பிரதியை அச்சகத்துக்கு மின்னஞ்சலில் அனுப்புகிறவர்கள் பலர் இதை அங்கே போய்த்தான் அறிகிறார்கள். மின்னூலாக்கவும், தேடவும், பத்து வருடத்துக்குப்பின் திறக்கவும் யூனிகோட்டே உதவும். இலவச மாற்றிகள் இருக்கின்றன.

ஆனால் மாற்றியபின் முழுவதையும் திரும்ப வாசிக்க வேண்டும். நடுவில் வந்த ஆங்கிலச் சொல் எல்லாவற்றையும் அந்த மாற்றி மென்பொருள் தமிழ் எழுத்துக் கூழாக்கிவிடும். மேற்கோள் குறிகளும் சிலவேளை எழுத்தாக மாறிவிடும். என் கதையொன்றில் பஸ் இலக்கம் சொன்ன நடத்துனரின் பேச்சு முழுவதும் அப்படிப் போயிற்று. அச்சுக்கு யூனிகோட் சரிவராது என்று சில பழைய தட்டச்சாளர்கள் இன்னும் சொல்வார்கள். பழைய மென்பொருளில் கொம்பும் காலும் இடம்மாறியது உண்மை. இப்போதைய பதிப்புகளில் அந்தத் தொல்லை இல்லை. கடைசியில் எழுத்துரு பதித்த பிடிஎஃப் ஆகக் கொடுங்கள், அச்சகத்தில் யாரும் கை வைக்க இடம் வராது.

அட்டைக்கு இணையத்தில் கிடைத்த படத்தைப் போடலாமா?

போடக்கூடாது. இணையத்தில் கிடக்கிறது என்பதற்கு இலவசம் என்று அர்த்தமில்லை. புகைப்படமும் பாதுகாக்கப்பட்ட படைப்புத்தான். நண்பர் எடுத்த காலிமுகத்திடல் படமானாலும் "இந்தப் புத்தகத்தின் எல்லாப் பதிப்புக்கும், விளம்பரத்துக்கும் பயன்படுத்தலாம்" என்று இரண்டு வரி எழுதி ஒப்பம் வாங்குங்கள். காசு கொடுத்து வரைவித்த ஓவியத்துக்கும் இது வேண்டும். காசு கொடுத்தால் உரிமையும் கூடவே வந்துவிடும் என்பது நம்மவரின் நினைப்பு.

செயற்கை நுண்ணறிவில் செய்த அட்டை பற்றி இப்போது நிறையப் பேர் கேட்கிறார்கள். நமது சட்டம் "ஆசிரியர்" என்று சொல்வது படைத்த மனிதரை. முழுவதும் இயந்திரம் தந்த படத்தை நாளைக்கு வேறொருவர் தன் அட்டையில் போட்டால் "அது என்னுடையது" என்று வாதாட உங்களுக்குப் பிடிமானம் குறைவு. அதைவிட, அந்த அட்டைகள் எல்லாம் ஒரே முகவெட்டாக இருக்கின்றன.

இன்னொருவர் கவிதை வரிகளை என் நூலில் எடுத்தாளலாமா?

விமர்சனத்துக்காகவோ விளக்கத்துக்காகவோ அளவாக, பெயர் சொல்லி எடுத்தாள்வது நியாயமான பயன்பாடு. எவ்வளவு எடுத்தீர்கள், எதற்காக எடுத்தீர்கள், அதனால் மூல நூலின் விற்பனை பாதிக்குமா என்பவற்றையெல்லாம் பார்ப்பார்கள். இத்தனை வரி வரை எடுக்கலாம் என்று சட்டத்தில் எல்லை எதுவும் இல்லை. திரைப்பாடல் வரிகளை அத்தியாயத்தின் தலையில் அலங்காரமாக வைப்பதைத் தவிர்த்துவிடுங்கள். பாடலே பத்து வரிதான், அதில் நான்கு வரி எடுப்பது சிறு பகுதியல்ல.

மறைந்து 70 வருடம் கடந்தவர்களின் எழுத்து பொதுச் சொத்து. 1879இல் மறைந்த ஆறுமுக நாவலரின் உரைநடையைக் கேட்காமலே எடுக்கலாம். நாவலரும் சொந்தமாகப் புத்தகம் போட்டவர்தான்: 1849இல் சென்னைக்குப் போய் அச்சு இயந்திரம் வாங்கி வந்து வண்ணார்பண்ணையில் நிறுவினார். ஆனால் நேற்று ஒருவர் எழுதிய பதவுரையும் முன்னுரையும் சேர்ந்த பதிப்பைப் படமெடுத்துப் போட்டால், அந்தப் பதவுரைக்கு உயிரோடிருக்கும் சொந்தக்காரர் இருப்பார்.

என் கதைக்கருவை ஒருவர் எடுத்து எழுதிவிட்டார். வழக்குப் போடலாமா?

கரு யாருக்கும் சொந்தமில்லை. எழுதிய விதம்தான் உங்களுடையது. வசனங்களும் சம்பவக் கோவையும் அப்படியே வந்திருந்தால் பேசலாம்.

அப்பா 1990இல் காலமானார். அவருடைய கவிதைக் கொப்பிகளைப் புத்தகமாக்க விரும்புகிறேன். நான் ஒருத்தி தீர்மானித்தால் போதுமா?

போதாது. உரிமை 2060 முடியும்வரை இருக்கிறது, அது அவருடைய வாரிசுகள் எல்லாருக்கும் உரியது. அண்ணன் டொராண்டோவில், தங்கை லண்டனில், அம்மா உங்களோடு என்றால் நான்கு பேரின் விருப்பமும் வேண்டும். தொலைபேசியில் "நீயே பார்த்துச் செய்" என்று எல்லாரும் சொல்வார்கள். அந்த வார்த்தையை அப்படியே ஒரு கடிதமாக்கி, ஒப்பமிட்டுப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சண்டை வருவது காசால் அல்ல. எந்தக் கவிதையை விட்டாய், முன்னுரையில் யார் பெயரைச் சொல்லவில்லை என்பதில்தான் வரும்.

இன்னொன்று, அப்பாவின் வரிகளைத் திருத்தி "நன்றாக்க" வேண்டாம். பெயரைக் குறிப்பிடவைக்கும் உரிமையும், எழுத்தைத் திரித்துப் பெயருக்குக் கேடு செய்வதைத் தடுக்கும் உரிமையும் ஒழுக்க உரிமைகள். அவரோடு அவை முடிவதில்லை. 70 வருடம் தொடர்கின்றன. எழுத்துப் பிழையைத் திருத்தினால் திருத்தியதாக ஒரு குறிப்பில் சொல்லுங்கள்.

புனைபெயரில் எழுதினால் உரிமை எப்படி?

உரிமை உங்களுக்குத்தான். ஆனால் அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பது யாரென்று தெரியாதவரை 70 வருடத்தை முதல் வெளியீட்டுத் திகதியிலிருந்து எண்ணுவார்கள்.

ஒரு பதிப்பகம் "நீங்கள் காசு தாருங்கள், நாங்கள் போட்டுத் தருகிறோம்" என்கிறது. சம்மதிக்கலாமா?

அதில் இழிவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்டால் போதும். எத்தனை பிரதி அச்சிடுவீர்கள், அதில் என் கைக்கு எத்தனை? மீதியை விற்றால் யாருக்கு எவ்வளவு, எப்போது கணக்குத் தருவீர்கள்? வடிவமைத்த கோப்பு யாருடையது? கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. இரண்டாம் பதிப்புக்கு வேறு அச்சகம் போனால் அந்தக் கோப்புக்காக மறுபடி காசு கேட்பார்கள்.

உரிமையை முழுதாகக் கைமாற்றுவதும், அச்சிட அனுமதி கொடுப்பதும் ஒன்றல்ல. சிறு தொகைக்கு முழுவதையும் கொடுக்க வேண்டாம். "தமிழில், அச்சு வடிவில், ஒரு பதிப்பு, மூன்று வருடத்துக்கு" என்று அளந்து கொடுங்கள். சிங்கள, ஆங்கில மொழிபெயர்ப்பு உரிமையும் மின்னூல் உரிமையும் உங்கள் கையில் இருக்கட்டும். ஒப்பந்தம் ஒரு பக்கத்துக்கு மேல் போனால் சட்டத்தரணி ஒருவரிடம் காட்டுங்கள்; நம் குடும்பங்களில் ஒருவராவது இருப்பார்.

சென்னையில் பதிப்பித்தால் இலங்கை உரிமை போய்விடுமா?

போகாது. இந்தியாவும் இலங்கையும் பேர்ண் உடன்படிக்கையில் இருக்கின்றன; இந்தியா 1928 முதல், நாம் 1959 முதல். ஒரு நாட்டில் வெளிவந்ததை மற்ற நாடும் காக்கும். இந்தியாவில் கால எல்லை ஆயுளுக்குப்பின் 60 வருடம். விரும்பினால் அங்கே பதியவும் வசதி உண்டு, கட்டாயமில்லை. நம்மவருக்கு வரும் சிக்கல் சட்டத்தில் இல்லை, புத்தகத்தை இங்கே கொண்டுவரும் கூலியில் இருக்கிறது. ஒப்பமிடுமுன் அதை யார் கட்டுவது என்று கேளுங்கள்.

வெளியீட்டு விழா கட்டாயமா?

சட்டப்படி இல்லை, கொழும்பு வழக்கப்படி ஏறத்தாழக் கட்டாயம். செலவைத் திருப்பி எடுக்கும் ஒரே நாளும் அதுதான். நம்மூர் வழக்கம் தெரிந்ததே: வருகிறவர்கள் உறையில் காசு வைத்துத் தந்து புத்தகம் வாங்குவார்கள், விலை எதுவானாலும் உறைக்குள் இருப்பது அவரவர் மனம். முதற் பிரதியும் சிறப்புப் பிரதிகளும் அச்சுக் கூலியில் நல்ல பங்கை மீட்டுவிடும். அதனால் விழாச் செலவை உறைக்குள் அடக்குங்கள். வெள்ளவத்தைத் தமிழ்ச் சங்க மண்டபத்தைப் போல எல்லாருக்கும் வழி தெரிந்த இடமாக, ஞாயிறு மாலையாக இருந்தால் நல்லது. பொன்னாடை வேண்டாம். மலர் மாலை வேண்டாம். வடையும் தேநீரும் போதும்.

வாசலில் உறை வாங்க நம்பிக்கையான ஒருவரை இருத்தி, பெயரையும் தொகையையும் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். என் முதல் விழாவில் அப்படிச் செய்யவில்லை. பெயரில்லாத பதினொரு உறைகள் வந்தன. யாருக்கு நன்றி சொல்லவில்லை என்று இன்றுவரை தெரியாது. பேச்சாளர் நான்கு பேருக்கு மேல் வேண்டாம். ஏழாவது நயவுரை தொடங்கும்போது வாங்க நினைத்தவர்கள் கடைசி பஸ்ஸுக்குப் போயிருப்பார்கள்.

கடைகளில் எப்படிக் கொடுப்பது?

விற்றபின் காசு என்ற முறையில்தான் எடுப்பார்கள், நல்ல கழிவும் கேட்பார்கள். விலையை நிர்ணயிக்குமுன்பே அந்தக் கழிவைச் சேர்த்துக் கணக்கிடுங்கள். செட்டியார் தெருவிலும் வெள்ளவத்தையிலும் இரண்டு கடைக்குப் பத்துப் பத்துப் பிரதி கொடுத்தால் தொடக்கத்துக்குப் போதும். கொடுக்கும்போது பற்றுச்சீட்டு வாங்குங்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை நேரில் போங்கள். போகாதவருக்குக் கணக்கு வராது. கடைக்காரர் கெட்டவர் என்பதால் அல்ல, உங்கள் புத்தகம் பின்வரிசையில் இருக்கிறது என்பதை அவரே மறந்துபோவதால். செப்டெம்பரில் பண்டாரநாயக்க மண்டபத்தில் நடக்கும் சர்வதேசப் புத்தகக் கண்காட்சியில் தனியாகக் கூடம் எடுப்பது நமக்குக் கட்டாது. தமிழ்ப் பதிப்பகம் ஒன்றின் மேசையில் ஐந்து பிரதி வைக்கக் கேட்டுப் பாருங்கள்.

மின்னூல் மட்டும் போட்டால் செலவே இல்லையா?

அச்சுச் செலவு இல்லை. அமேசான் கிண்டிலில் 2016இன் இறுதியிலிருந்து தமிழ் நூல்கள் வருகின்றன. அதற்கு ஐ.எஸ்.பி.என் வேண்டாம். ஆசிரியருக்கு விலையில் 35 அல்லது 70 சதவீதம், விலையையும் வாங்குகிறவரின் நாட்டையும் பொறுத்து. ஆனால் அவர்களுடைய "செலக்ட்" திட்டத்தில் சேர்ந்தால் 90 நாளைக்கு அந்த மின்னூலை வேறெங்கும் வைக்கக் கூடாது, இலவசமாகக்கூட. இதைப் பார்க்காமல் பொத்தானை அழுத்திவிட்டுப் பிறகு பிடிஎஃப்பை நண்பர்களுக்கு அனுப்புகிறவர்கள் உண்டு.

என் புத்தகத்தை யாரோ ஸ்கேன் செய்து வாட்ஸ்அப்பில் பரப்புகிறார்கள். என்ன செய்யலாம்?

அது மீறல்தான். தன் சொந்தப் பாவனைக்கு ஒரு பிரதி எடுக்க விடும் சட்டம்கூட முழுப் புத்தகத்தைப் பிரதி எடுக்க விடுவதில்லை. முதல் வேலையாக, பரப்பியவருக்கு மரியாதையாக எழுதுங்கள். பத்தில் எட்டுப் பேர் உங்களுக்கு நன்மை செய்வதாக நினைத்துச் செய்தவர்கள். பேஸ்புக், யூடியூப் போன்ற தளங்களில் உரிமை மீறலை முறையிடப் படிவம் உண்டு, செலவில்லை. உள்ளூர் ஆள் விற்கவே தொடங்கிவிட்டால் புலமைச் சொத்துப் பணிப்பாளர் நாயகத்திடம் முறைப்பாடு செய்யலாம். அவர் விசாரித்துத் தீர்மானிக்கச் சட்டம் இடம் தருகிறது. நீதிமன்றத்துக்கு முன்னால் அந்தப் படியை ஏறிப் பாருங்கள். வேண்டுமென்றே மீறுவது குற்றமும்கூட: ஐந்து இலட்சம் ரூபாய் வரை தண்டம், ஆறு மாதம் வரை சிறை.

விற்று முடிந்த புத்தகமென்றால் நான் கோபப்பட மாட்டேன். நூலகம் நிறுவனம் 2005 முதல் ஈழத்து நூல்களை மின்வடிவில் சேர்த்து இலவசமாக வாசிக்கத் தருகிறது. அனுமதிக் கடிதம் கொடுத்து ஒரு பிரதியை அவர்களிடம் விட்டால், மங்கலான ஸ்கேன் பிரதியைப் பரப்ப யாருக்கும் தேவை வராது. யாரும் கேட்காமலே பகிர இடம்தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விடுவதென்றால் மட்டும் ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள். கொடுத்ததைத் திரும்பப் பெற முடியாது.

அரச உதவி ஏதும் உண்டா?

தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையே எழுத்தாளரின் கையெழுத்துப் பிரதிகளுக்கு வெளியீட்டு உதவித் திட்டம் ஒன்றை நடத்துகிறது. ஐ.எஸ்.பி.என் எடுக்கப் போகும்போது அப்போதைய நிபந்தனைகளையும் கேட்டு வாருங்கள். அச்சாகியபின் அரச இலக்கிய விருதுக்கும் பிரதிகள் அனுப்பலாம், மூன்று நான்கை ஒதுக்கி வையுங்கள். தேசிய சுவடிகள் திணைக்களத்துக்கு அனுப்பும் பிரதிகள் அச்சகத்தின் கடமை. 1885இலிருந்து நடக்கும் நடைமுறை அது. அனுப்பினார்களா என்று ஒருமுறை கேட்பது உங்கள் வேலை.

நான் ஏற்கெனவே 500 போட்டுவிட்டேன். இப்போது என்ன செய்வது?

வாருங்கள், நாம் ஒரே கட்சி. கட்டுகளைத் தரையில் வைக்காதீர்கள், பலகை மேல் வைத்து சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளுங்கள். காய்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து இடையில் வையுங்கள். பிறகு மாதத்துக்கு ஐந்து பிரதி என்று பாடசாலை நூலகங்களுக்கு அனுப்பத் தொடங்குங்கள். மலையகத்துக்கும் மட்டக்களப்புக்கும் மன்னாருக்கும், தபாற் செலவு கையைக் கடிக்காத வேகத்தில். அதிபருக்கு ஒரு கடிதமும் வையுங்கள். நான் இதுவரை அனுப்பிய பாடசாலைகளில் இரண்டிலிருந்து பதில் வந்தது. ஒன்று நூலகப் பொறுப்பாசிரியையின் நன்றிக் கடிதம். மற்றது பத்தாம் வகுப்பு மாணவன் எழுதியது. 47ஆம் பக்கத்தில் ஓர் ஒற்றுப் பிழை இருக்கிறதாம்.